போர் போயிடுச்சாம்ல!

"போர் போயிடுச்சு சார், இன்ஜின் இறக்கணும்." பழைய பைக் வச்சிருக்கற நம்ம மக்கள்ல இந்த டயலாக்கைக் கேக்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. ரெண்டு தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்கி, தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, ஒரே நிமிஷத்துல தீர்ப்பு. கேஜ் வைக்கறது கிடையாது, பிளக்கைக் கழட்டிப் பாக்கறது கூட கிடையாது. இதை அனுபவ அறிவுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். சுத்தமான ஜோசியம்.

எங்க ஊர் சேத்துப்பட்டு. (மெட்ராஸ்ல இருக்கறது இல்லீங்க, ஆரணி பக்கம்.) இங்க பட்டு நெய்யறவங்க வீட்டு வாசல்ல ஒரு பழைய ஸ்பிளெண்டர் நின்னா அது அழகுக்கு நிக்கல. பட்டு நூல் எடுத்து வர, நெஞ்ச புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்க அதுதான் கதி. டேங்க்ல ஹீரோ ஹோண்டான்னு இருந்தா வயசே கேக்க வேணாம், அந்த ரெண்டு கம்பெனியும் பிரியப் போறதா அறிவிச்சதே 2010 டிசம்பர்ல. அந்த வண்டிக்குப் போர் போட்டு பிஸ்டன் மாத்தற காசு, பல நாள் தறிக்கூலி.

நான் சண்டை போடறது ஒரே விஷயத்துக்குத்தான். சத்தம் ஒரு வியாதி, பிக்கப் குறையறது இன்னொரு வியாதி. ரெண்டும் ஒண்ணா வந்தாலும் காரணம் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல.

டேப்பட்டையே எடுத்துக்கங்க. கொஞ்சம் லூசா இருந்தா டிக் டிக்னு கத்தும், ஆனா வண்டி இழுக்கும். டைட்டா இருந்தா சத்தமே வராது. வால்வு முழுசா மூடாம கம்ப்ரஷன் கசியும், பிக்கப் படுத்துடும், அப்படியே ஓட்டினா எக்ஸாஸ்ட் வால்வு கருகிடும். மேனுவல்ல போட்டிருக்கற இடைவெளி மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்கு, அதுவும் இன்ஜின் ஆறினப்புறம் ஃபில்லர் கேஜ் விட்டு வைக்கணும். நம்மாளு "சத்தம் வரக்கூடாது"ன்னு கேப்பாரு, அவரும் கைநிதானத்துல ஒரு திருகு திருகி அனுப்புவாரு. கொஞ்ச நாள்ல வண்டி இழுக்கலைன்னு திரும்பப் போனா? போர் போயிடுச்சு!

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பக்கத்து வீட்டு அண்ணன் வண்டிக்கும் இதே தீர்ப்பு வந்திருந்துச்சு. பிளக்கைக் கழட்டி, கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுசா திறந்து வச்சுகிட்டு (திறக்கலைன்னா ரீடிங் பொய் சொல்லும்) கிக்கரை ஏழெட்டு தடவை உதைச்சோம். முள்ளு நல்லாத்தான் ஏறிச்சு. குறைஞ்சிருந்தா பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி உதைக்கணும். முள்ளு ஏறினா ரிங், போர் பக்கம் சந்தேகம். ஏறலைன்னா வால்வு பக்கம். இவ்ளோதான் மேட்டர்.

அப்புறம் பிக்கப் எங்க போச்சு? கிளட்ச் லீவர்ல ப்ளேயே இல்ல, பிளேட் ஸ்லிப் ஆகுது. இன்ஜின் அலறுது, வண்டி நகரல. பின் பிரேக் வேற பிடிச்சுகிட்டே இருந்துச்சு, நியூட்ரல்ல தள்ளினாலே கனம். சத்தம்? அது இடது பக்கம் டைமிங் செயின், தனிக்கதை. பாவுல ஒரு இழை அறுந்தா அதைத் தேடிப் பிடிச்சு முடிச்சுப் போடற ஊர்ங்க இது. பாவையே அறுத்துப் போடுன்னு யாராவது சொன்னா விடுவாங்களா?

இன்னொரு கோஷ்டி இருக்கு, எல்லாத்துக்கும் எத்தனால்னு சொல்றவங்க. 20 சதவீதம் கலந்த பெட்ரோல்ல லிட்டருக்கு ஏழு சதவீதம் போல சக்தி குறையும், கார்பரேட்டர் வண்டிக்கு மிக்ஸ்சர் கொஞ்சம் லீன் ஆகும், பழைய ரப்பரும் பாதிக்கலாம். வாஸ்தவம். ஆனா மேட்டுல செகண்ட் கியர்ல திணறுதுன்னா அதுக்கு இந்த ஏழு பத்தாது, அடைச்ச ஏர் ஃபில்டரையும் பாருங்க.

மெக்கானிக்கை மட்டும் திட்டிட்டு நாம தப்பிச்சுக்க முடியாது. பொட்டி தட்டற நமக்கு லாக் பாக்க ஒரு நாள் ஆனாலும் சம்பளம் உண்டு. அவரு அரை மணி நேரம் கேஜ் வச்சுப் பாத்து "ஒண்ணுமில்ல, கேபிள்தான்"னா இருபது ரூவா நீட்டறோம். பார்ட்ஸ் மாத்தினாதான் காசுன்னா அவரு பார்ட்ஸ் மாத்தத்தான் செய்வாரு. செக்கிங் கூலின்னு தனியா ஒரு தொகை பேசிட்டு வண்டியை விடுங்க, இன்ஜினைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்த ரீடிங்கை உங்க கண்ணால பாருங்க.

டிஸ்கி: ஆக்ஸிலேட்டர் கொடுக்கறப்ப அடியிலேருந்து கனமா டொக் டொக்னு வந்தா இந்த வியாக்கியானம் எல்லாம் வேணாம். பெரும்பாலும் கனெக்டிங் ராடு பேரிங். கேஜ் தேடாம அங்கேயே ஆஃப் பண்ணிட்டு வண்டியைத் தள்ளிட்டுப் போங்க :-)