கப்பல் ஏறும் ஆங்கிலம்



மகனுக்கோ மகளுக்கோ பல்கலைக்கழகத்தில் ‘லாஜிஸ்டிக்ஸ்’ படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னால், “அது என்ன, லோரி ஓட்டுகிற படிப்பா?” என்று கேட்பவர்கள் தோட்டத்தில் இன்னும் உண்டு. கேட்பதில் தவறில்லை. லோரி எப்போது புறப்பட வேண்டும், எந்தக் கப்பலைப் பிடிக்க வேண்டும், சரக்கு வழியில் நனைந்தால் நட்டம் யாருக்கு, சுங்கத்தில் எந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போடச் சொல்லித் தரும் படிப்பு அது. கெடா, சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் இதைப் பட்டப் படிப்பாகவே படிக்கலாம்.

ஆனால், இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் வீட்டில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. “ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளி, அதற்குப் பிறகு மலாய்ப் பாடம். அங்கே இங்கிலீஷில் பேசச் சொன்னால் என் பிள்ளை என்ன செய்யும்?” இந்தப் பயத்தைச் சுமந்து போகும் பிள்ளை, வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, வாயைத் திறக்காமலே ஆண்டுகளை ஓட்டிவிடுகிறது. பட்டம் கைக்கு வந்தாலும், நேர்முகத் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இந்த ஆங்கிலத்தைப் பற்றி இன்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். சரக்குத் தொழிலுக்கு வேண்டியது துரை வீட்டு ஆங்கிலமன்று. அழகாகப் பேசுவது அங்கே இரண்டாம் பட்சம். பிழையில்லாமல் சொல்வதே முதல். அதற்கு வேண்டிய சொற்கள் ஓர் அளவுக்கு உட்பட்டவை. ஆனால் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் பணம் இருக்கிறது.

செம்பனை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். விற்பனை ஒப்பந்தத்தில் ‘எஃப்.ஓ.பி. போர்ட் கிள்ளான்’ என்று இருக்கும். விரித்தால் ‘ஃப்ரீ ஆன் போர்டு’. அகராதியைப் புரட்டிய பிள்ளை, ஃப்ரீ என்றால் இலவசம், கப்பலில் சும்மா ஏற்றிக்கொள்வார்கள் போலும் என்று நினைக்கும். அப்படியன்று. கிள்ளானில் கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் விற்பவருடையது. ஏறிய பிறகு வாங்குபவருடையது என்பதே பொருள். ‘சி.ஐ.எஃப்.’ என்றால், போய்ச் சேரும் துறைமுகம் வரை கப்பல் கூலியையும் காப்புறுதியையும் விற்பவரே கட்டுவார். ஆனாலும் நடுக்கடலில் எண்ணெய் கெட்டால் அந்த ஆபத்து வாங்கியவர் தலையில்தான். காப்புறுதிப் பணத்தை அவர்தான் கேட்டு வாங்க வேண்டும். இத்தகைய சொற்களுக்கு அனைத்துலக வர்த்தகச் சபை 1936இல் முதன்முதலாகப் பொருள் வரையறுத்தது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் இருப்பவை மொத்தம் 11 சொற்கள். பால்மரக் காட்டில் ஒரு நிரையில் நிற்கும் மரங்களைவிடக் குறைவு!

இன்னொன்று, ‘கிளீன்’ என்ற சொல். கப்பலில் சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் கொடுக்கும் சீட்டுக்கு ‘பில் ஆஃப் லேடிங்’ என்று பெயர். அது பற்றுச்சீட்டு, சரக்கை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்று, பல வேளைகளில் சரக்குக்கு உரிமைப் பத்திரமும் அதுவே. ‘கிளீன்’ பில் வேண்டும் என்று வங்கி கேட்டால், கறை படாத தாளைக் கேட்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. மூட்டை கிழிந்திருக்கிறது, பீப்பாய் ஒழுகுகிறது என்பது போன்ற குறிப்பு எதுவும் அதில் எழுதப்படாமல் இருக்க வேண்டும் என்பதே பொருள். அப்படி ஒரு வரி விழுந்துவிட்டால், கடன் உறுதிப் பத்திரத்தின் பேரில் பணம் கொடுக்க வேண்டிய வங்கி தாளைத் திருப்பி அனுப்பலாம். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறது. தாளில் சொல் பிசகினால், குடோனில் சரக்கு தங்கமாக இருந்தும் பயனில்லை.

தேதியும் அப்படித்தான். 04/05 என்று எழுதினால் நமக்கு மே மாதம் 4ஆம் தேதி. அமெரிக்கருக்கோ ஏப்ரல் 5. அதனால்தான் மாதத்தை எழுத்தில் எழுதப் பழக்குகிறார்கள். ‘டன்’ என்று வெறுமனே எழுதுவதும் ஆபத்து. மெட்ரிக் டன் 1,000 கிலோ. பழைய ஆங்கிலேய டன் ஏறத்தாழ 1,016 கிலோ. அமெரிக்க டன் ஏறத்தாழ 907 கிலோ.

சொல் தெளிவில்லாமல் போனால் பணம் மட்டுமா போகும்? 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான தெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் மாண்டார்கள். அதற்குப் பல காரணங்கள் கூடி வந்தன. அவற்றுள் ஒன்று, டச்சு விமானி வானொலியில் சொன்ன ஆங்கில வாக்கியம். ‘புறப்படும் இடத்தில் நிற்கிறோம்’ என்றும் அதைக் கொள்ளலாம், ‘புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்றும் கொள்ளலாம். கேட்டுக்கொண்டிருந்தவர் ஸ்பானியர். இருவருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. அதன் பிறகு, ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். கப்பல்களில் பேசுவதற்கும் அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2001இல் வரையறுத்த சொற்றொடர்களை ஏற்றுக்கொண்டது.

நம் பிள்ளைகளுக்கு இதிலே ஒரு தைரியம் இருக்கிறது. இந்தத் தொழிலில் ஆங்கிலம் பேசுபவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல அதைப் படித்து வந்தவர்களே. கொரியரும் சீனரும் பிலிப்பீன்ஸ்காரரும் தத்தம் ஓசையோடுதான் பேசுகிறார்கள். உச்சரிப்பைப் பார்த்து யாரும் சிரிப்பதற்கு அங்கே நேரமில்லை. தப்பாக விளங்கிக்கொள்வார்களோ என்பதே கவலை.

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தமிழிலே ‘பி’ என்று ஓர் எழுத்தை எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த ஓசைக்கு இரண்டு எழுத்து. கொள்கலன் எண்ணில் 4 எழுத்தும் 7 இலக்கமும் இருக்கும். தொலைபேசியில் ‘பி’ என்றால் எந்தப் பி? ஒன்றுக்கு ‘பிராவோ’, மற்றொன்றுக்கு ‘பாப்பா’ என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. அல்ஃபா, பிராவோ, சார்லி என்று தொடங்கும் இந்த 26 சொற்களையும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.

பெற்றோர்களே, பிள்ளைகளே, இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போகு முன்பே மியுவெட் தேர்வு காத்திருக்கிறது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு பகுதி. பேசும் பகுதியில் தனியாகவும் குழுவாகவும் பேச வேண்டும். ஆகவே படிவம் நான்கிலிருந்தே நாளைக்குப் பத்து நிமிடம் வாய்விட்டுப் பேசட்டும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையே என்று சும்மா இருக்க வேண்டாம். ஆலைக்குப் போகும் லோரியைப் பார்த்து, எத்தனை மணிக்கு வந்தது, என்ன ஏற்றியது, எவ்வளவு எடை, எங்கே போகிறது என்று நான்கு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லட்டும், எழுதட்டும். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் குலை, எடை, லோரி நேரம் எல்லாம் தெரியும். பிள்ளை சொன்ன விவரம் சரிதானா என்று அவரால் சொல்ல முடியும்.

பல்கலைக்கழகத்தில் விலை விசாரித்து எழுதுவது, பதில் எழுதுவது, சேதத்துக்கு இழப்பீடு கேட்பது என்றெல்லாம் கடிதம் எழுதப் பழக்குவார்கள். இழப்பீட்டுக் கடிதத்தில் கோபம் வேண்டாம். தேதி, கொள்கலன் எண், எத்தனை மூட்டை, என்ன சேதம், யார் முன்னிலையில் திறந்தது என்ற விவரங்களே பேசும். வகுப்பில் புரியாததை முதல் வாரமே கேட்டுவிடுங்கள். நாலு பேர் முன் கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால், வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரின் அறைக்குப் போய்க் கேளுங்கள்.

நம் முன்னோரில் பலர் கரையிறங்கிய போர்ட் சுவெட்டன்ஹாம்தான், 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. அவர்கள் வெட்டிய பால், ரப்பராகி அதே துறைமுகத்தில் கப்பல் ஏறியது. ஆனால் அந்தச் சரக்குக்குச் சீட்டு எழுதிய கை நம்முடையதாக இல்லை. இன்று அந்தச் சீட்டை வாசித்து, சரிபார்த்துக் கையெழுத்திடும் இடத்துக்கு நம் பிள்ளை போகலாம். சில நூறு சொற்களுக்குப் பயந்து அந்த வாசலில் நின்றுவிடக் கூடாது.