சினை மாடா, வெறும் மாடா?

சிங்கப்பூருக்குப் போய்வந்த வாசகர்களுக்குத் தேக்காவின் பஃபலோ ரோடு தெரியாமல் இராது. வாழையிலை, மாவிலை, மல்லிகைச் சரம், முருங்கைக்காய் என்று எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும் தெரு அது. பஃபலோ என்றால் எருமை. அதற்குப் பக்கத்துத் தெரு கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். சிராங்கூன் சாலையை ஒட்டிப் பெலிலியோஸ் ரோடு. கல்கத்தாவிலிருந்து கப்பலில் மாடுகளைக் கொண்டுவந்து பெரும் வியாபாரம் செய்த யூத வணிகர் ஒருவரின் பெயர் அது. தண்ணீரும் புல்லும் நிறைந்த தாழ்வான நிலமாக அந்த வட்டாரம் இருந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், மாட்டுத் தொழுவங்கள் அங்கே வரிசையாக நின்றன. வண்டி இழுக்க மாடு, பாலுக்கு மாடு, இறைச்சிக்கு மாடு. அவற்றை நம்பிப் பிழைத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம்.

அந்த வட்டாரத்துக்கே கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்று பெயர். 1915இல் கட்டப்பட்ட பழைய சந்தைக்கும் அதே பெயர்தான். 1982இல் சந்தை எதிர்ப்புறத்துப் புதுக் கட்டடத்திற்குப் போயிற்று. இன்று அதைத் தேக்கா நிலையம் என்கிறார்கள். அதே பெயரைத் தாங்கிய மருத்துவமனை ஒன்றும் உண்டு. 1924 அக்டோபர் முதல் நாள் 30 படுக்கைகளுடன் அது பிள்ளைப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்தன. உலகத்தில் வேறெந்தப் பிள்ளைப்பேற்று மருத்துவமனையிலும் அத்தனை பிறப்பு இல்லை என்று சாதனைப் புத்தகத்தில் ஏறியது. 1997இல் புதிய கட்டடத்திற்கு மாறி, இன்று கேகே மருத்துவமனை என்ற சுருக்கப் பெயரோடு நடக்கிறது.

எருமைகளைக் கட்டிய இடத்தின் பெயரில் தாய்மார்களுக்கு மருத்துவமனை வந்தது நல்ல காரியம். கருவுற்ற தாய்க்குச் சோதனை, நாள் கணக்கு, அட்டை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அன்று அந்தத் தொழுவங்களில் நின்ற மாட்டுக்குச் சினை பிடித்ததா இல்லையா என்று எப்படி அறிந்தார்கள்? காளைக்கு விட்டார்கள், காத்திருந்தார்கள், வயிறு பெருத்தால் சினை என்றார்கள். நம் தோட்டத்து லயங்களில் பாதிப்பேர் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறோம். காத்திருப்பதற்குக் காசில்லை என்று நினைக்கிறோம். வாசகர்களே, மாடு வளர்ப்பில் ஆகப் பெரிய செலவு அந்தக் காத்திருப்புத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாட்டுக்குத் தவிடு, பிண்ணாக்கு, புல்லறுப்புக் கூலி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 8 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். பொங்கலன்று காளைக்கு விட்ட மாடு வெறுமையாக இருக்கிறது. அது உங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிகிறது என்றால் 180 நாள், 1,440 வெள்ளி. இரண்டு மாதத்திலேயே தெரிந்திருந்தால் 480 வெள்ளி. இடையில் போனது 960 வெள்ளி. அதோடு நான்கு மாதம் பின்தள்ளிப் போன கன்றையும், அந்த நான்கு மாதத்துப் பாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு வரும் டாக்டருக்கு 50 வெள்ளி கொடுக்க மனம் வராத வீட்டில் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இனி, எந்த நாளில் எதைப் பார்க்கலாம் என்பதற்கு வருவோம். பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். எருமைக்குப் பத்து மாதத்துக்கு மேல். மாட்டின் பருவம் 21 நாளுக்கு ஒரு முறை வருவது. ஆகவே ஜனவரி 14, பொங்கலன்று சினை ஊசி போட்ட மாடு, சினை பிடிக்கவில்லையென்றால் பிப்ரவரி 4 வாக்கில் மறுபடி கத்த வேண்டும். அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் காலையிலும் மாலையிலும் மாட்டை நின்று பாருங்கள். கத்துகிறதா, மற்ற மாட்டின் மேல் ஏறுகிறதா, கண்ணாடிபோல் வழும்பு தொங்குகிறதா? இதற்குக் காசு வேண்டாம், கண் வேண்டும். பால்மரம் சீவிவிட்டு வந்து களைத்துப் படுக்கும் அப்பாவைவிட, பள்ளிக்கூடம் விட்டு வந்து மாட்டை மேய்க்கும் பிள்ளைகளே இதைச் சரியாகச் சொல்கிறார்கள். அது என் அனுபவம்.

ஆனால் மாடு கத்தவில்லை என்பதாலேயே சினை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில மாடுகள் சத்தமில்லாமல் பருவத்துக்கு வந்து போகும். எருமைகளில் இது மிக அதிகம்; வெயில் நாள்களில் சொல்லவே வேண்டாம். கருப்பையில் சீழ் கட்டிய மாடும் கத்தாது. அதைப்போல, கத்துகிற மாடெல்லாம் வெறுமை என்றும் சொல்ல முடியாது. சினையாக இருக்கும்போதே ஒருமுறை காளை கேட்கும் மாடும் உண்டு. அதற்கு அவசரப்பட்டு மறுபடி ஊசி போட்டால் உள்ளிருக்கும் கரு போய்விடலாம்.

நெடுங்காலமாக உலகமெங்கும் நம்பப்படுவது மருத்துவரின் கைதான். தோள்வரைக்கும் உறை மாட்டி, வழுவழுப்பு தடவி, ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, குடலுக்குக் கீழே இருக்கும் கருப்பையைத் தொட்டுப் பார்ப்பது. கைப்பழக்கம் நன்கு உள்ளவர் 35 முதல் 45 நாளிலேயே சொல்லிவிடுவார். நம் பகுதிக்கு 60 நாளுக்குமேல் என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்போது கருப்பையின் ஒரு கொம்பு மற்றதைவிடப் பருத்துத் தண்ணீர்ப் பைபோல் இருக்கும். 90 நாளுக்குமேல் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் முடிச்சுகள் சிறு கொட்டைகளைப்போல் கைக்குத் தட்டுப்படும். நான்கு மாதத்தில் கருப்பைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய், சாதாரண நாடித் துடிப்பாக இல்லாமல், விரலுக்கடியில் தண்ணீர் ஓடுவதுபோல் அதிரும். இந்த அதிர்வை உணர்ந்தபின் அனுபவமுள்ள டாக்டருக்குச் சந்தேகம் இராது. ஐந்தாறு மாதத்தில் கருப்பை கனத்து வயிற்றுக்குள் இறங்கிவிடுவதால் கன்று கைக்கு எட்டாமலும் போகும். அப்போது சினை இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லும் அரைகுறைக் கைகள் உண்டு, எச்சரிக்கை. மாடு வளர்ப்பவர் தாமே கையை விட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். குடல் கிழிந்தால் மாடு போகும். கருச்சிதைவு நோய் உள்ள மாடாக இருந்தால் அது மனிதருக்கும் தொற்றும்.

ஸ்கேன் என்பது அந்தக் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் நம் பெண்களின் வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே ஒலியலைக் கருவிதான். மாட்டுக்கு அதை உள்ளே செலுத்திப் பார்ப்பார்கள். 28 முதல் 30 நாளில் கருவும் அதன் இதயத் துடிப்பும் திரையில் தெரியும். கருவி விலை அதிகம் என்பதால் கட்டணமும் கூடும். நூறு மாடு வைத்திருக்கும் பண்ணைக்கு அது தேவை. இரண்டு மாடு வைத்திருக்கும் லயத்து வீட்டுக்கு 60 நாள் கை சோதனையே போதும். இன்னொன்று: 30ஆம் நாளில் சினை என்று தெரிந்தாலும், அடுத்த ஒரு மாதத்தில் கரு கரைந்துபோவது மாடுகளில் அரிதல்ல. ஆகவே முன்கூட்டிப் பார்த்தவரும் 60, 90 நாளில் மறுபடி பார்க்கத்தான் வேண்டும்.

பாலையும் இரத்தத்தையும் வைத்துச் செய்யும் சோதனைகளும் இருக்கின்றன. ஊசி போட்ட 21 முதல் 24ஆம் நாளுக்குள் பாலில் ஒரு சுரப்பு நீரின் அளவைப் பார்ப்பது ஒன்று. அது குறைந்திருந்தால் மாடு சினையில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மிகுந்திருந்தால் சினையாக இருக்கக்கூடும் என்பது மட்டும்தான். 28 நாளுக்குமேல் இரத்தத்திலோ பாலிலோ நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஒரு புரதத்தைத் தேடும் சோதனை இதைவிட நம்பகமானது. கன்று ஈன்ற மாட்டுக்கு இரண்டு மாதமாவது கழித்தே அதைச் செய்ய வேண்டும். பழைய சினையின் மிச்சம் உடலில் இருந்து ஏமாற்றும். மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதால் தோட்டத்தில் இருப்பவருக்கு அலைச்சல்தான்.

இப்போது வாசகர் பலர் கேட்கும் கேள்வி: “மருந்துக் கடையில் பெண்களுக்கு விற்கிறார்களே, சில வெள்ளி விலையில் ஒரு பட்டை, அதை மாட்டு மூத்திரத்தில் நனைத்துப் பார்த்தால் என்ன, சார்?” ஒன்றும் தெரியாது. அந்தப் பட்டை தேடுவது கருவுற்ற பெண்ணின் உடலில் மட்டும் சுரக்கும் ஒரு பொருளை. பசுவின் உடலில் அது சுரப்பதே இல்லை. பசு நிறைசினையாக நின்றாலும் ஒரே கோடுதான் வரும். அதைப் பார்த்து மாட்டைக் கசாப்புக்காரருக்கு விற்றுவிடாதீர்கள்.

காசில்லாத சோதனை ஒன்று இந்தியாவில் புண்ணியகோடி என்ற பெயரில் வழங்குகிறது. கன்னட நாட்டில் எல்லோரும் அறிந்த பசுவின் பெயர் அது. மாட்டின் மூத்திரம் ஒரு பங்கு, தண்ணீர் 14 பங்கு கலந்து, 15 கோதுமை மணிகளையோ பச்சைப் பயற்றையோ ஒரு தட்டில் அதில் ஊற வைக்க வேண்டும். இன்னொரு தட்டில் வெறும் தண்ணீரில் அதே எண்ணிக்கை. ஐந்து நாள் கழித்து, தண்ணீர்த் தட்டில் நன்றாக முளைத்து, மூத்திரத் தட்டில் முளைக்காமலோ குன்றியோ இருந்தால் சினை என்று கொள்வார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முன்னரே இதைப்போன்ற எண்ணம் எகிப்தியரிடம் இருந்தது; அவர்கள் பெண்ணின் மூத்திரத்தைக் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் ஊற்றினார்கள். அங்கே முளைத்தால் கரு. இங்கே முளைக்காவிட்டால் சினை! பிள்ளைகளோடு செய்து பார்க்க அருமையான பாடம். ஆனால் பிசகும். மழை நாளில் விதையே கெட்டிருக்கும். மூத்திரம் செறிவாக இருந்தால் சினையில்லாத மாட்டிலும் முளை வராது. இதை நம்பி மாட்டை விற்கவோ வாங்கவோ கூடாது.

வாங்குவது என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து மாதச் சினை என்று சொல்லி விற்கப்பட்ட மாட்டை நம்பி, சீட்டுப் பணம் முழுவதையும் கொடுத்த ஒரு குடும்பம் கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தது. வயிறு பெரிதாகத்தான் இருந்திருக்கிறது. சந்தைக்கு முன் உப்பும் தவிடும் தின்னக் கொடுத்துத் தண்ணீர் காட்டினால் எந்த மாட்டுக்கும் வயிறு பெரிதாகும். தெரியாத ஊர்த் தரகர், ரசீது இல்லை. நான் எழுதிய கடிதம் யாருக்குப் போகும்? சினை மாடு என்று விலை சொன்னால், டாக்டர் கை பார்த்துச் சொன்னபின்தான் பணம். தரகர் கோபித்துக்கொண்டால் போகட்டும். இதன் மறுபக்கமும் உண்டு. இரண்டு முறை ஊசி போட்டும் நிற்கவில்லை, மலடு என்று குறைந்த விலைக்கு விற்ற மாட்டின் வயிற்றில் கன்று இருந்தது பிறகு தெரிவது. அந்த வீட்டுப் பெண்கள் அதை ஆண்டுக்கணக்கில் சொல்லி அழுவார்கள். 50 வெள்ளி.

ஆறேழு மாதம் ஆன மாட்டை வீட்டிலேயே பார்க்கலாம். மாட்டின் பெரிய இரைப்பை இடப்பக்கம், கன்று வலப்பக்கம். விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டு வலப்பக்க அடிவயிற்றைப் பாருங்கள். கன்று உதைப்பது வெளியே தெரியும். முஷ்டியால் மெல்ல உள்ளே தள்ளி அப்படியே வைத்திருந்தால் கட்டியான ஒன்று திரும்பி வந்து இடிக்கும். மெல்ல என்பதைப் பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொல்லவும். ஆனால் இது உறுதிப்படுத்தத்தான். இவ்வளவு நாள் கழித்து வெறுமை என்று தெரிந்தால் மேலே போட்ட 1,440 வெள்ளிக் கணக்குத்தான்.

செலவைக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன். மாவட்டக் கால்நடை இலாகாவில் முதலில் கேளுங்கள். தனியார் டாக்டர் என்றால் கட்டணத்தில் பெரும்பங்கு அவர் தோட்டத்துக்கு வந்து போகும் செலவுதான். ஒரு லயத்தில் ஐந்தாறு மாடுகளை ஒரே நாளில் காட்டினால் அந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மாட்டுக்கு மாடு புதுக் கையுறை மாற்றச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டு நாள்காட்டியில் ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்திருப்பது டாக்டருக்குப் பாதி வேலையைக் குறைக்கும். பொங்கலன்று போட்டதென்றால் மார்ச் நடுவில் 60 நாள். சித்திரைப் புத்தாண்டுக்குச் சரியாக 90 நாள். ஆகஸ்ட் கடைசியில் பால் கறப்பதை நிறுத்தி மடிக்கு இரண்டு மாதம் ஓய்வு கொடுக்க வேண்டும். அக்டோபர் 24 வாக்கில், தீபாவளியை ஒட்டி, கன்று. தேதி தெரியாதவர் கடைசி நாள்வரை கறந்துகொண்டே இருப்பார். மாடு மெலியும், சீம்பால் குறையும், கன்றும் நோஞ்சானாகப் பிறக்கும்.

சோதனை நாளன்று காலையில் மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடாதீர்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை போட்டு, பின்னால் உதை விழாதபடி நெருக்கமாகக் கட்டுங்கள். எப்போதும் பால் கறக்கும் ஆளே தலைமாட்டில் நின்று கழுத்தைத் தடவிக்கொடுக்கட்டும். புது முகத்தைக் கண்டால் மாடு துள்ளும். ஒரு வாளி வெந்நீர், சவர்க்காரம், துண்டு. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை வேலிக்கு அப்பால் நிறுத்துங்கள்.