எரு சுமப்பது நாம், மானியம் யாருக்கு?

இயற்கை விவசாயத்துக்கு அரசு பணம் தருகிறது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா திட்டத்தில், ஹெக்டேருக்கு மூன்றாண்டுகளில் 31,500 ரூபாய் உதவி உண்டு. அதில் 15,000 ரூபாய், இடுபொருள் செலவுக்காக விவசாயியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால், அந்தக் கணக்கு யாருடையது?

பணம் பட்டாவைத் தேடிப் போகிறது, உழைப்பைத் தேடி அல்ல. களைக்கொல்லி அடிக்காத வயலில் கைக்களைதான் எடுக்க வேண்டும். நாளெல்லாம் குனிந்து எடுப்பவர்கள் நம் பெண்கள். தொழுவுரம் சுமப்பதும் நாம்தான். கூலிக்காரருக்கும் வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரருக்கும் காட்டுவதற்குச் சிட்டாவும் இல்லை, அடங்கலும் இல்லை.

நமக்கென்று நிலம் ஒதுக்கப்படாமல் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் பஞ்சமி நிலம் தர ஆணை பிறந்தது. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் பல ஊர்களில் அது கைமாறிப் போனது. அந்த நிலத்துக்கு மானியமும் போனால், நாம் இரண்டாம் முறை இழக்கிறோம்.

மானியம் தருமுன் பஞ்சமி நிலமா என்று பார்க்க வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகையைப் பதிவு செய்து, உழுபவருக்கே பணம் தர வேண்டும். நம் பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுத்தால் அவர்களையும் சேர்க்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊர் அ-பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். நம் உரிமைப் பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.