பைத்தான் படிக்கக் கட்டணம் கட்டும் முன் ஒரு நிமிடம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சி பிளஸ் பிளஸ் நன்றாகத் தெரிந்த நம் பிள்ளைகள் பலர் பைத்தானுக்கு மாற மூன்று மாத வகுப்பில் சேருகிறார்கள். என் பழைய மாணவன் ஒருவன் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கட்டணமாகக் கட்டினான். முதல் மாதம் முழுக்க மாறி என்றால் என்ன, மடக்கு என்றால் என்ன என்றே பாடம். அவனுக்கு அதெல்லாம் பள்ளியிலேயே தெரியும். தெரிந்ததையே திரும்பச் சொல்லிக் காசு வாங்குவதைக் கற்பித்தல் என்று நான் ஏற்க மாட்டேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். கணினிப் பட்டம் கிடையாது. ஆனால் கற்பித்தல் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பதுதான் எங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் விதி. இரண்டாவது நிரல்மொழிக்குப் போகிறவனுக்கு அந்த விதிப்படி வேண்டியது ஒரு நல்ல கையேடு.

"அகராதியைப் படித்து மொழி கற்க முடியுமா சார்?" என்று கேட்கிறீர்கள். முதல் மொழியை முடியாது. அதற்கு ஆசிரியர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இலக்கணம் புரிந்தவனுக்கு அகராதி போதும். பிளஸ் டூ தேர்வில் லாக் டேபிளை யாராவது மனப்பாடம் செய்தீர்களா? எந்தப் பக்கத்தில் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"வீடியோவில் பத்து நிமிடத்தில் வந்துவிடுமே" என்பது அடுத்த வாதம். வீடியோ ஒற்றுமையைக் காட்டும். ஆபத்து வேற்றுமையில் இருக்கிறது. 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் சி பிளஸ் பிளஸ் 3 என்கும், பைத்தான் 3.5 என்கும். முழு எண் வேண்டுமென்றால் பைத்தானில் இரண்டு சாய்கோடு போட வேண்டும். அப்போதும் -7-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தானில் -4, சி பிளஸ் பிளஸில் -3. பைத்தானில் ஒரு பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைத்தால் நகல் உருவாகாது. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். சி பிளஸ் பிளஸில் ஒரு வெக்டரை இன்னொன்றுக்குக் கொடுத்தால் தனி நகல் கிடைக்கும்.

இவற்றில் எதற்கும் பிழைச் செய்தி வராது. நிரல் ஓடும், விடை மட்டும் தப்பாக வரும். அது சம்பளக் கணக்காக இருந்தால் யார் பதில் சொல்வது?

பைத்தான் 1991-இல் வெளிவந்தது. அதன் அதிகாரப்பூர்வக் கையேடு இணையத்தில் இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் படிக்கலாம். ஆங்கிலம் தடை என்பவர்களுக்கு நம் அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் தமிழிலேயே பைத்தானைச் சொல்கிறது. பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்பதே பாடத்திட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இந்த மாற்றத்தைப் பாடநூலை வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள். பட்டம் வாங்கிய உங்களால் முடியாதா?

ஒரு நோட்டு எடுங்கள். இடப்பக்கம் பழைய மொழி, வலப்பக்கம் புதிய மொழி. தரவு வகை, செயற்குறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு, சரம், பட்டியல், கோப்பு, பிழை கையாளுதல் என்று ஒன்பது தலைப்பு போடுங்கள். ஒவ்வொன்றையும் கையேட்டில் பார்த்து, வேறுபடுவதை மட்டும் எழுதி, உடனே கணினியில் ஓட்டிப் பாருங்கள். பிறகு பழைய நிரல் ஒன்றைப் புதிய மொழியில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் புரியாதது இருந்தால் தாராளமாக வகுப்பில் சேருங்கள். அப்போது என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

நாளை இன்னொரு மொழி வரும். அதற்கும் கட்டணம் கட்டப் போகிறீர்களா? கையேடு பார்க்கப் பழகியவனுக்கு அந்தச் செலவு இல்லை.

மறுப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டவர்களைத்தான் எனக்கு இன்னும் பெயரோடு நினைவிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்