எருமைக்கும் வாடகைத் தாய்!

ஓர் எருமையின் கருவை இன்னோர் எருமை சுமக்கிறது. பிறப்பது உயர்ந்த ஜாதிக் கன்று! அரியானாவில் கர்னால் ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ல் சோதனைக்குழாய் எருமைக் கன்றே பிறந்துவிட்டது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிறகென்ன தடை?

எருமைதான் தடை! பசு கத்திக் காட்டும். எருமையோ பருவம் வந்தாலும் பெரும்பாலும் வாய் திறக்காது. "ஊமைப் பருவம்" என்பார்கள். கோடையில் இன்னும் மோசம். கரு தருகிற எருமைக்கும் சுமக்கிற எருமைக்கும் பருவம் ஒத்து வரவேண்டும். ஒரு நாள் முன்பின் இருக்கலாம்; அதற்கு மேல் போனால் கரு தங்குவது கடினம். தவறினால் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம். தீவனச் செலவு காத்திருக்குமா?

ஒற்றை எருமையை நம்பிய குடும்பத்துக்கு இது சிறிய நஷ்டமல்ல. கருவுக்குச் செலவிடுகிறவர்கள், சுமக்கிற எருமையின் வயிற்றையும் பார்க்கட்டும். நிழல், தண்ணீர், பசுந்தீவனம், தாது உப்பு எல்லாம் முன்கூட்டியே வேண்டும். காலையும் மாலையும் தொழுவத்தில் நிற்பவள் வீட்டுப் பெண்தான். பருவ அடையாளங்களை அவளுக்கல்லவா சொல்லித்தர வேண்டும்?