சான்றிதழ் சர்வருக்கு ஒரு வேலி

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை மாதிரி இடத்தில் ஒரு சின்னக் கம்பெனி தன் உள்வலைக்குச் சொந்தமாகச் சான்றிதழ் சர்வர் வைப்பது பெரிய விஷயமில்லை. விண்டோஸ் சர்வரிலேயே வசதி உண்டு. வம்பெல்லாம் புரொஃபைலில்தான். 2017-ல் வந்த குரோம் 58, சான்றிதழின் பொதுப்பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாற்றுப்பெயர்ப் பகுதியை மட்டும் பார்க்கத் தொடங்கியது. புரொஃபைலில் அந்தப் பகுதி இல்லையென்றால் இன்றும் எச்சரிக்கைதான். அதைச் சேர்த்து, சான்றிதழைப் புதிதாக வழங்கவேண்டும் (பழையது தானாகத் திருந்தாது!). அதைச் செய்யாமல் 'பரவாயில்லை, தாண்டிப் போங்க' என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாளைக்கு நிஜத் திருடன் வந்தாலும் அப்படித்தான் தாண்டுவார்கள்.

அதைவிட மோசம், கேட்பவர் எந்தப் பெயரைக் கேட்டாலும் கொடு என்று புரொஃபைலைத் திறந்துவிடுவது. கம்பெனிக் கணினிகள் எல்லாம் அந்த சர்வரை நம்புகின்றன. ஒரு வங்கித் தளத்தின் பெயரில் சான்றிதழ் கொடுத்தாலும் நம்பும். 2014 ஜூலையில் என்.ஐ.சி.யின் சான்றிதழ் வழங்கும் முறை பழுதுபட்டு, கூகுள், யாஹூ பெயர்களில் எல்லாம் சான்றிதழ்கள் வெளியானது நினைவிருக்கிறதா? அதன்பிறகு குரோம், இந்திய அரசின் மூலச் சான்றிதழை அரசுத் தளங்கள் உள்ளிட்ட சில டொமைன்களோடு நிறுத்திவிட்டது. அதே வேலியை நம் சர்வரின் இடைநிலைச் சான்றிதழில் முதல் நாளே போடலாம், கம்பெனி டொமைனுக்கு மட்டும் என்று.