நரி வேட்டைக்கும் ஒரு கோப்பை வையுங்கள்!



இந்த வருட விளையாட்டு விழாவில் நரி வேட்டையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பயப்படாதீங்க! வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி பிடிப்பார்களே, அது இல்லை. (அதைப் பிடித்தால் வனத்துறை நம்மைப் பிடிக்கும்.) இது ஹாம் என்கிற அமெச்சூர் ரேடியோக்காரர்களின் விளையாட்டு. சின்ன டிரான்ஸ்மீட்டர் ஒன்றை எங்காவது ஒளித்து வைப்பார்கள். அதுதான் நரி. சிக்னல் எந்தத் திசையில் வருகிறது என்று ரிசீவரை வைத்துப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு 1980இல் போலந்தில் முதல் உலகப் போட்டியே நடந்திருக்கிறது.

"கையில போன் இருக்கு, ஜி.பி.எஸ். இருக்கு, இது எதுக்குடா?" என்று என் பெஞ்சுக்காரன் கேட்கிறான். ஜி.பி.எஸ். நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். தன் இடத்தைச் சொல்லாத டிரான்ஸ்மீட்டரை அது எப்படிக் காட்டும்?

நம்ம ஊர் யானைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் டாப்சிலிப் காட்டில் விட்ட மக்னா யானை, கழுத்தில் ரேடியோ காலரோடு நடந்தே கோயமுத்தூர் வந்து சேர்ந்தது. ஜி.பி.எஸ். காலர்கூட இருக்கும் இடத்தை விட்டு விட்டுத்தான் சொல்லும். பேட்டரி சீக்கிரம் தீரக் கூடாது அல்லவா? அடுத்த தகவல் வருவதற்குள் யானை நாலு தோப்பு தாண்டிவிடும். அதனால் பல காலர்களில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் ரேடியோ சிக்னலும் வைக்கிறார்கள். அதைத் தேட, ஆன்டெனாவைக் கையில் பிடித்து நடக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மலையடிவாரத் தோட்டத்துச் சாளையில் படுத்திருப்பவருக்கு அந்த இடைவெளி பெரிசுங்க.

பழகுவது கஷ்டமில்லை. ஹாம்கள் அதிகம் பேசும் 144 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். பாதி, 1 மீட்டர். அந்த அளவை ஒட்டி ஸ்டீல் இன்ச் டேப்பை மூன்று துண்டாக வெட்டி, பி.வி.சி. பைப்பில் குறுக்கே கட்டினால் யாகி ஆன்டெனா தயார். அதை மெதுவாகச் சுற்றினால் ஒரு பக்கம் சிக்னல் பலமாக இருக்கும். காந்திபுரத்திலிருந்து பார்த்தால் தெற்கே, சிங்காநல்லூரிலிருந்து பார்த்தால் மேற்கே என்றால், மேப்பில் இரண்டு கோடு போடுங்கள். நரி உக்கடம் பக்கம்! ஆனால் மலை, பெரிய கட்டடம் எல்லாம் சிக்னலைத் திருப்பி அடித்து ஏமாற்றும். கிட்டே போனால் எல்லாத் திசையிலும் பலமாகவே கேட்கும். அப்போது சிக்னலைக் குறைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அலைநீளச் சூத்திரத்தைப் பத்துத் தடவை எழுதினாலும் இது வராது.

இன்னொன்று. நூறு மீட்டரில் ஜெயிப்பவர்களே எல்லாக் கோப்பையும் வாங்குகிறார்கள். நாங்கள் கைதட்டியே கை சிவந்தோம். இதில் தப்பான திசையில் வேகமாக ஓடுபவர் தோற்பார்!

நரிக்கு லைசென்ஸ் உள்ள ஹாம் ஒருவரை அழைக்க வேண்டும். நம்மில் 12 வயது ஆனவர்களே அந்தத் தேர்வை எழுதலாம். தலைமையாசிரியர் ஐயா அனுமதி தந்தால், அரைப் பரீட்சை லீவில் ஆன்டெனா செய்துவிடலாம். வீட்டில் பழைய ஸ்டீல் டேப் கிடந்தால், எண் அழிந்திருந்தாலும் பரவாயில்லை, இயற்பியல் லேப்பில் கொடுங்கள்.

- 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்